துண்டு போட்ட இடம்

"இந்தக் கைய நீயே தூக்கு பெரீம்மா. அத நான் தூக்கிக்கறேன்."

வலது கை மெல்ல எழுந்தது. இடது கையைச் செண்பகம் மணிக்கட்டில் பிடித்து உயர்த்தி, அக்குளில் ஈரத்துணியை ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. கட்டிலின் கீழே இரண்டு வாளிகள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். இரண்டிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"கூசுதுடி."

"விழுந்துபோன கையில கூசுதா? அப்ப அடுத்த மாசம் நீ நடந்துடுவ."

"கூசறது நல்ல கையில. நீ துணியப் புழியற தண்ணி இங்க சொட்டுது."

அடுப்படியிலிருந்து மருமகள் கலையரசி எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களாக்கா? நான் கேட்டா வாய் கோணிக்குது, ஒரு வார்த்த வராது. உங்களாண்ட மட்டும் நக்கலு நல்லா வருது."

"நீ குளிப்பாட்டுனா உங்கிட்டயும் வரும்" என்றாள் இன்னாசியம்மாள். வார்த்தைகள் வாயின் ஒரு பக்கமாகவே வெளியேறின. ஆனால் வந்தன.

கலையரசி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் துணிக்கடையில் வேலை. பஸ் பிடிக்க வேண்டும்.

செண்பகம் நனைந்த கையைத் துடைத்து உலர்த்தி, புடவையால் மூடிவிட்டுக் காலுக்குப் போனாள்.

"எங்க எடத்தப் பாத்தியாடி?"

"நேத்துதான் போனேன்."

"புல்லு மண்டிக்கிதா?"

"புடுங்கிட்டேன்."

"சிலுவ நேரா நிக்குதா?"

"நிக்குது."

"தண்ணி கிண்ணி நிக்கலையே?"

"அது மேடு பெரீம்மா. நிக்காது."

"அப்ப சரி. அந்த வாய்க்கா ஓரத்துல மட்டும் என்னப் போட்டுடாதீங்க. தண்ணியில, தனியா." அவள் மூச்சு வாங்கினாள். "என் எடம் அவராண்டதானே?"

செண்பகம் அவளை ஒருக்களித்துத் திருப்பினாள். முதுகு துடைக்கும் முறை வந்துவிட்டது. திருப்பிவிட்டால் முகம் தெரியாது.

"அவராண்டதான்" என்றாள்.

*

படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டுவது செண்பகத்துக்கு வேலை இல்லை. வேலை என்று கேட்டால் அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. ரவிக்கை தைப்பாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். குளிப்பாட்டுவது காலை நேரத்தில். திண்டிவனத்தில் அவர்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த தெருக்களில் யாராவது படுத்துவிட்டால் மூன்றாம் நாள் அவள் வாசலில் நிற்பாள். கூப்பிட வேண்டியதில்லை. "வெந்நி வெச்சிட்டியா?" என்றுதான் உள்ளே நுழைவாள். தெருக்காரர்கள் வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவராகச் சொந்தமாகச் செபம் சொல்லச் சொன்னால் மட்டும் வாயடைத்துப்போவாள். "எனக்கு அது வராது. இதுதான் வரும்" என்று கையைக் காட்டுவாள்.

அந்தக் கை பழகியது விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில். அவள் கணவர் தேவசகாயம் லாரி ஓட்டினார். விக்கிரவாண்டி தாண்டி ஒரு மழைநாளில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அந்த வார்டில் அடுத்த கட்டிலில் துபாயிலிருந்து திரும்பி வந்து படுத்திருந்த ஒருவர். அவர் மனைவி கோட்டக்குப்பத்து அசன் பீவி. செண்பகம் முதல் நாள் கணவரின் உடம்பைத் துடைத்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மா எழுந்து வந்து துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மனுசன இப்பிடித் தொறந்து போடாதம்மா. ஒரு பக்கம் தொடச்சி, காய வெச்சி, மூடு. அப்பறம் அடுத்த பக்கம். எந்நேரமும் மேல ஒரு துணி கெடக்கணும். படுத்துட்டா வெக்கம் போயிருமா என்ன?"

செண்பகம் அதை மறக்கவில்லை.

வீடு திரும்பிய தேவசகாயம் சற்றே சாய்ந்து சாய்ந்து நடந்தார். மார்கழிப் பனியில் பிளேட் குடையும். "கம்பி கூப்புடுது" என்பார். இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணியை வைத்து அதன்மேல் செண்பகம் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தோலுக்கு அடியில் பிளேட்டின் ஓரம் தெரியும். திருகாணித் தலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டுப்படும். அவர் தூங்கிய பிறகும் கையை எடுக்கமாட்டாள்.

மகளை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே தேவசகாயம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடுவார். பச்சைக் கரைத் துண்டை ஜன்னல் வழியாக வீசி சீட்டுப் பிடிப்பார். வயசான மனுஷன் இளவட்டங்களோடு இடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பிடித்த சீட்டில் உட்கார்ந்து ஊர் எல்லை தாண்டுவதற்குள் கைக்குழந்தைக்காரியோ வயசானவளோ யாராவது வந்து பக்கத்தில் நிற்பார்கள். செண்பகம் எழுந்துவிடுவாள்.

"உனக்குன்னு துண்டு போட்டா நீ ஊருக்கே குடுக்கற" என்று விக்கிரவாண்டி வரும்வரை திட்டிக்கொண்டே வருவார்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து படுத்திருந்தபோதும் அதே பேச்சுதான். பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கணவனின் குழியைத் திறந்து மனைவியை வைக்கலாம். மனைவியின் குழியில் கணவனை. முன்னால் போனவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்பக்கம் வைத்து மூடுவார்கள். ஒருமுறை திறந்த குழியைப் பத்து வருஷத்துக்குத் தொடக்கூடாது. அதற்கு வழியில்லாதவர்களுக்கு வாய்க்கால் ஓரம்தான்.

"நான் முன்னாடி போயி துண்டு போட்டு வெக்கிறேன்" என்றார். "நீ மெதுவா வா. ஆனா இந்தவாட்டி எழுந்து எடம் குடுத்த, அவ்ளோதான்."

பெட்டியை மூடும் முன் பச்சைக் கரைத் துண்டை அவர் தோளில் போட்டாள்.

*

மேட்டிலிருந்து வாய்க்காலை நோக்கிப் போகும் வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சிமெண்டுக் கல்லறை இருந்தது. அதை அடுத்து தேவசகாயம். அவரை அடுத்து, ரைஸ் மில்லில் நெல் அவித்த சவரிமுத்து. கடைசியாக, வாய்க்காலை ஒட்டி, சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் அப்பா. இந்த மூவருக்கும் மண்மேடும் மரச்சிலுவையும்தான்.

சவரிமுத்துவின் மனைவிதான் இன்னாசியம்மாள். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலையை அவித்து, மல்லாட்டை மல்லாட்டை என்று கூவி விற்றுக்கொண்டிருந்தவள். கல்லறைத் திருநாளில் இரண்டு பெண்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து புல் பிடுங்குவார்கள், சாமந்திப்பூ பரப்புவார்கள், ஒரே தீப்பெட்டியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஃபாதர் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து சேர நேரமாகும். அதுவரை இன்னாசியம்மாள் மடியிலிருந்து மல்லாட்டையை எடுத்து நீட்டுவாள். செண்பகம் வாத்தியாரின் சிமெண்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தோல் உரிப்பாள்.

"வாத்தியார் மேல சாஞ்சிக்கினு குந்தியிருக்கியே, உன் ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரு தூங்கறாரு. நீ எழுப்பி உடாத."

ஃபெஞ்சல் புயல் மழையில் வாய்க்கால் உடைந்தது. தோட்டம் முழுக்கத் தண்ணீர். மேடுகள் கரைந்தன, சிலுவைகள் மிதந்தன. செண்பகம் அப்போது மகளின் பிரசவத்துக்கு விழுப்புரத்தில் இருந்தாள். அவள் வருவதற்குள் பங்கு இளைஞர்கள் சேற்றில் இறங்கிக் கிடைத்த சிலுவைகளைப் பொறுக்கி, கழுவி, பெயிண்ட் அடித்து நட்டுவிட்டார்கள். இன்னாசியம்மாளின் மகன் சகாயராஜ்தான் முன்னால் நின்றான். ஒரு சிலுவை மட்டும் கிடைக்கவில்லை. அது தேவசகாயத்தினுடையது.

வந்த அன்றே செண்பகம் போய்ப் பார்த்தாள். வாத்தியாரின் கல்லறையை அடுத்து சவரிமுத்து என்று எழுதிய சிலுவை நின்றது. அடுத்தது சென்னைக்காரர்களுடையது. கடைசி இடம் வெறுமையாக இருந்தது.

அவள் சகாயராஜைக் கூப்பிட்டாள். "தம்பி, வாத்தியாருக்குப் பக்கத்துல இருந்தது எங்கூட்டுக்காரர்டா."

"இல்லக்கா. வாத்தியாருக்கும் உங்களுதுக்கும் நடுவுல வேற ரெண்டு எடம் இருந்துது. போட்டோ பாத்துதான் நட்டோம்." போனை எடுத்துக் காட்டினான். ஏதோ ஒரு வருஷத்துக் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி வெளிச்சம், கூட்டம், முதுகுகள். "சிலுவ கெடைக்காதது உங்களுது ஒண்ணுதான். எடம் காலியா இருக்கறதும் ஒண்ணுதான். அப்ப அதான அண்ணனுது?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் கால்விரல் இடுக்கில் இன்னும் சேற்றுப்புண் ஆறவில்லை. காலுக்கு மருந்து போடச் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

அவளுக்கு விளங்கியது. ஒரு சிலுவை குறைந்ததால் மற்ற இரண்டும் ஒவ்வோர் இடம் மேலே ஏறிவிட்டன. சவரிமுத்துவின் சிலுவை தேவசகாயத்தின்மேல் நிற்கிறது. சென்னைக்காரரின் சிலுவை சவரிமுத்துவின்மேல். விளங்கியது என்றாலும் நிச்சயம் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. முதுகு சாய்த்த ஞாபகம் ஒன்றுதான். சில நாள் அதுவும் ஆட்டம் கண்டது. ஒருவேளை அவன் சொல்வதுபோல நடுவில் வேறு இடங்கள் இருந்தனவோ?

அடுத்த ஆண்டு சென்னைக் குடும்பத்தின் அம்மா இறந்தாள். பிள்ளைகள் காரில் கொண்டுவந்து, தங்கள் சிலுவை நின்ற இடத்தைத் திறந்து வைத்து, கறுப்பு கிரானைட் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். செண்பகமும் ஒரு பிடி மண் போட்டாள். சவரிமுத்து பெரீப்பா பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி. இதை இன்னாசியம்மாளிடம் எந்த வாயால் சொல்வது?

அந்தக் கல்லறைத் திருநாளில் கடைசி இடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் தோன்றவில்லை. யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல இருந்தது. தோட்டத்தின் நடுவே பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில், வேறு தேசத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் அதன் அடியில் ஏற்றுவார்கள். செண்பகம் அங்கே போய் ஏற்றினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "உங்காளு எங்க, சவூதியிலயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் செண்பகம். "இங்கதான்."

*

இன்னாசியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து விழுந்தது அதற்குப் பிறகு. மூன்றாம் நாள் செண்பகம் போய் நின்றாள்.

தினமும் அதே கேள்விகள். புல்லு, சிலுவை, தண்ணீர். தினமும் முதுகைத் திருப்பிவிட்டு அதே பதில். அது பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொய் இல்லை என்றால் தேவசகாயம் அங்கே இல்லை. தேவசகாயம் அங்கே இருந்தால் அது பொய். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போது திகைத்துப்போவாள். எப்படியும் அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் இடம். வாத்தியாருக்கு அடுத்த இடம். அதில் போய்ப் படுத்தால் போதும். இரவில் மெஷினை மூடிவிட்டுப் பாயில் சாயும்போது உள்ளங்கை தானாகப் பக்கத்துத் தரையில் விரிந்துகொள்ளும்.

ஒரு நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். சகாயராஜும் கலையரசியும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். துடைத்து முடித்து, பவுடர் போட்டு, தலையணையை உயர்த்தி வைத்தாள். கேப்பைக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்தாள்.

"பெரீம்மா, அந்த எடம்..."

"இன்னா, ஆடு கீடு பூந்துட்டுதா?"

"அதில்ல. அந்தச் சிலுவ நட்டாங்களே..."

இன்னாசியம்மாள் கஞ்சியை விழுங்கினாள். பாதி வாயோரம் வழிந்தது. செண்பகம் துடைத்தாள்.

"உனக்கும் தோணுச்சா?" என்றாள் இன்னாசியம்மாள். "நட்ட அன்னிக்கு நான் போயி நின்னேன் பாரு, எனக்கே ஒரு மாதிரியா இருந்துது. இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தாரேன்னு. ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் வந்தேன். எம்புள்ள வாசல்ல குந்திக்கினு கால்ல மருந்து தடவிக்கினு இருக்கான். முழங்கால் சேத்துல நின்னு ஒவ்வொண்ணா தேடியிருக்கானுங்க. இவன்கிட்ட போயி, அப்பன் எடம் இதில்லடான்னு எப்பிடிச் சொல்றது? நட்ட எடத்துல இருக்காருன்னு நம்பிக்கினேன்."

"நம்பிக்கினா ஆச்சா?"

"கண்ணால பாக்காதத எத்தினி நம்பறோம். இத நம்பறதுக்கு இன்னா கேடு?" ஒரு பக்க வாயால் சிரித்தாள். "அப்பிடியே வேற யாராவது இருந்தாலும், வந்த பொம்பளய வெளிய போன்னா சொல்லப் போறாரு? தனியா இல்லாம இருந்தா போதும்டி எனக்கு."

செண்பகம் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னாசியம்மாள் உடனே விட்டுக்கொடுத்துவிடுவாள். "அடிப்பாவி, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று திட்டிவிட்டு, மகனைக் கூப்பிட்டு, என்னை வாய்க்கால் ஓரத்திலேயே போடு என்று சொல்லுவாள். அப்புறம் தினமும் புல்லைக் கேட்கமாட்டாள். தண்ணீரைக் கேட்கமாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

"உன் ஊட்டுக்காரருதான் பாவம். சிலுவகூட இல்ல" என்றாள் இன்னாசியம்மாள். "எங்க இருக்காரோ."

"எங்கயும் போயிருக்க மாட்டாரு" என்றாள் செண்பகம். "அந்தக் கால வெச்சிக்கினு எவ்ளோ தூரம் போவப் போறாரு?"

இன்னாசியம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறியது. செண்பகம் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

*

இன்னாசியம்மாள் ஒரு புதன்கிழமை விடியலில் போய்விட்டாள். செண்பகம் வழக்கம்போல வாளியைக் கேட்டு வாங்கி, வழக்கம்போலத் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, உலர்த்தி, மூடி, பிறகு மறுபக்கம். புல்லு, சிலுவை, தண்ணீர் என்று கேட்க ஆளில்லாமலே முதுகைத் திருப்பினாள்.

வியாழன் மாலை அடக்கம் என்று முடிவாயிற்று. வியாழன் காலை சகாயராஜ் வந்தான். கண் வீங்கியிருந்தது. கையில் புதுக் காடாத்துணி.

"அக்கா, குழி வெட்டும்போது ஊட்டாளு ஒருத்தர் நிக்கணும்னு பாக்கியநாதன் சொல்றாரு. அப்பா எலும்ப எடுத்து இதுல கட்டணுமாம். என்னால முடியாதுக்கா. நீங்க நிக்கறீங்களா? அம்மாவுக்கு எல்லாம் நீங்கதான் செஞ்சீங்க."

செண்பகம் துணியை வாங்கிக்கொண்டாள்.

பாக்கியநாதன் சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாத்திவிட்டு வெட்ட ஆரம்பித்திருந்தான். பங்கில் குழி வெட்டுவது அவன்தான். செண்பகம் வாத்தியாரின் கல்லறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சாய்ந்த பிறகுதான் எங்கே சாய்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. மண் ஈரமாக, கரிசலும் செம்மண்ணும் கலந்து வந்து விழுந்தது. இடுப்பளவு, மார்பளவு ஆழமாயிற்று. பிறகு அவன் மண்வெட்டியை மேலே போட்டுவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினான். அவள் துணியைத் தரையில் விரித்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் மண்ணைத் துடைத்துத் துணியில் வைத்தாள். பழுப்பாக, எடையே இல்லாமல் இருந்தன. யாருடையவை என்று சொல்ல முடியாது. யாருடையவையாகவும் இருக்கலாம்.

குழிக்குள் அவன் குனிந்தவன் அப்படியே நின்றான்.

"யக்கா."

"இன்னா?"

"சவரிமுத்து பெரியவருக்குக் கால் ஒடஞ்சுதா எப்பவாவது?"

அவள் குழியோரம் குனிந்தாள். அவன் கையை மேலே நீட்டினான். மண் அப்பிய, நீண்ட, மெல்லிய ஒன்று. அவள் வாங்கி முந்தானையால் துடைத்தாள். துடைக்கும்போதே உள்ளங்கை அதைச் சுற்றி மூடிக்கொண்டது. ஓரம். பிறகு திருகாணித் தலைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஜில்லென்று இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாயிற்று.

பாக்கியநாதன் குழிக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவசகாயம் சாய்ந்து நடந்ததைப் பார்த்தவன்தான் அவன்.

"அண்ணனா?" என்றான்.

"ம்."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "பேஜாரா பூட்டுதேக்கா. இன்னும் பொட்டி வரல. ஃபாதருக்கு ஒரு போன் போட்டா மூடிட்டு அந்தக் கடைசியில வெட்டிடலாம். ஜல்தியா வெட்டிடுவேன். உன் எடம் உனக்கு நின்னுடும்."

கடைசி இடத்தைச் செண்பகம் திரும்பிப் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீர் கசிந்து அங்கே கோரை முளைத்திருந்தது. கையில் இருந்ததைப் பார்த்தாள். இவ்வளவு நாள் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் இங்கேதான் இருந்திருக்கிறார். முதுகு பொய் சொல்லவில்லை.

"வேணாம்" என்றாள். "மீதிய எடு."

"தெறந்தா பத்து வருசம் தொட உடமாட்டாங்கக்கா. அதுக்குள்ள உனக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

"வெளையாடாதக்கா."

"வயசான பொம்பள வந்து நிக்குது பாக்கியநாதா. நிக்க வெச்சிட்டு நான் எப்பிடி குந்தறது?"

"அண்ணன் திட்டுவாரு."

"திட்டட்டும். எப்பவும் திட்டறதுதான்."

அவன் குனிந்து மீதியை எடுத்தான். முடித்து மேலே ஏறி வந்து, "அதையாவது நீ வெச்சிக்கோ. யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. மெஷின் டிராயரில் வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் பூசையில் எழுந்து நின்று சொல்கிறவள் அவள். சும்மா சொல்வதில்லை. அந்த நாளில் அவர் எழுந்து நடக்க வேண்டும். அவர் கண்ணில் முதலில் படுவது இன்னாசியம்மாளாக இருக்கும். செண்பகம் எங்கே என்று கேட்பார். தோ, அந்தக் கடைசியில, என்று அவள் கை காட்டுவாள். இரண்டு கையும் நன்றாக இருக்கும் அப்போது. காலை இழுத்துக்கொண்டாவது அவ்வளவு தூரம் அவர் வர வேண்டும்.

பிளேட்டைத் தொடை எலும்பின்மேல் வைத்துத் துணியைக் கட்டினாள். முடிச்சைப் போட்ட பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாலையில் கூட்டம் வந்தது. பெட்டியை இறக்கினார்கள். கால்பக்கம் துணிமூட்டையை வைத்தார்கள். சகாயராஜ், "அப்பா, அம்மா வந்துட்டாங்கப்பா" என்று அழுதான். கலையரசி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஃபாதர் செபம் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். செண்பகம் இரண்டு பிடி போட்டாள். பாக்கியநாதன் மட்டும் அதைப் பார்த்தான்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. செண்பகம் வழக்கமான நேரத்துக்கு எழுந்து தண்ணீர் பிடித்தாள். புடவை முந்தானையில் மண்கறை இருந்ததால் ஊறவைத்தாள். காப்பி குடித்தாள். முந்தின நாள் தர வேண்டிய ரவிக்கைக்கு ஹூக் வைத்து முடித்தாள். மகள் போன் செய்தாள். இன்னாசியம்மாள் அடக்கம் முடிந்ததைச் சொன்னாள், குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அதன்பின் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். சகாயராஜ் வீட்டுத் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி கதவைத் திறந்தாள்.

"வெந்நி வெச்சிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே செண்பகம் உள்ளே போனாள். ரெண்டு வாளி கேட்டாள். ஒன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி வந்தார்கள்.